அருணாவின் நாற்காலி

“மூணாவது வாரம். இன்னைக்கும் அருணா வரல. அவ நாற்காலிய விட்டு எந்திரிங்கக்கா,” என்றான் முபின்.

ஒச்சம்மாள் அசையவில்லை.

“அதான் நான் வந்திருக்கேன்ல அப்பு.”

வகுப்பில் இருந்த பதினோரு பெண்பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

போடியில் ஏலக்காய்க் கடை மாடி ஒன்றில் சனிக்கிழமை மதியம் நடக்கிற இலவச கம்ப்யூட்டர் வகுப்பு அது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகளும் புரோகிராம் எழுதப் படிக்கட்டும் என்று ஓர் அறக்கட்டளை பன்னிரண்டு லேப்டாப் கொடுத்திருந்தது. பாலிடெக்னிக் முடித்த முபின்தான் வாத்தியார். மூன்று வாரம் வராத பிள்ளையின் பெயரை அடித்துவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்கிற பிள்ளையைச் சேர்க்க வேண்டும். அது விதி.

அருணா பக்கத்துச் சிலமலை ஊர்க்காரி. பிளஸ் ஒன். போன இரண்டு சனிக்கிழமையும் ஆளைக் காணோம், இன்று மூன்றாவது. அவளுக்குப் பதில் அவள் அம்மா ஒச்சம்மாள் நொண்டி நொண்டி மாடி ஏறி வந்து, திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாலு மணிக்குக் கொடுக்கிற வடையைத் தின்னாமல் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

வடைக்குத்தான் வருகிறாள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். முபினும் அப்படித்தான் நினைத்தான்.

அருணா எங்கே என்று கேட்டான். மலைக்கு, ஏலக்காய் எடுக்க என்றாள். ஒச்சம்மாள் போன மாதம் சரிவில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகிற ஜீப்பில் அவள் இடம் காலியாகக் கிடந்தால் மறுநாளே வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். எடுப்பு முடிகிற வரைக்கும் திரும்பக் கிடைக்காது. மற்ற நாளெல்லாம் நாத்தனார் ஏறிப் போகிறாள். சனிக்கிழமை மட்டும் நாத்தனாருக்குத் தோதுப்படாது, மகள் போகிறாள்.

“எங்க ஜீப்புல வீட்டுக்கு ஓராள் ஏறுனாச் சரி. அவ எனக்காக அங்க போறா, நான் அவளுக்காக இங்க வர்றேன். ரெண்டு இடமும் காலியாகலேல்ல?”

“இது ஜீப்பு இல்லக்கா. உங்களுக்கு ஏ பி சி டி தெரியுமா?”

“தமிழே தெரியாது அப்பு.”

மறுபடியும் சிரிப்பு. அப்புறம் எதற்கு நோட்டு என்று கேட்டபடியே அவள் மடியில் இருந்ததை வாங்கிப் புரட்டினான் முபின்.

முதல் பக்கத்தைப் பார்த்ததும் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போன வாரம் திரையில் அவன் போட்டுக் காட்டிய புரோகிராம். எழுதவில்லை, வரைந்திருந்தாள். மூலையில் இருந்த மணி 3:17, பேட்டரி 43, குறுக்கே நின்ற மவுஸ் அம்புக்குறி, ஒன்றையும் விடவில்லை.

“அந்த அம்ப எதுக்குக்கா வரஞ்சீங்க?”

“நீதான அத அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டி ஆட்டிச் சொன்ன. அதான் முக்கியம்னு நெனச்சேன்.”

அடுத்துத்தான் கவனித்தான். உள்ளே தள்ளித் தொடங்க வேண்டிய வரிகள், மேல் வரியில் எந்த எழுத்துக்கு நேரே தொடங்க வேண்டுமோ அந்த எழுத்துக்கு நேரே நின்றன. அவன் சொல்லிக்கொடுக்கிற பைத்தான் மொழியில் அந்த இடைவெளி பிசகினால் எதுவும் ஓடாது. தொண்டை வற்றக் கத்தியும் வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

“எடுப்பு இல்லாத மாசத்துல கடையில ஏலக்காய் தரம் பிரிக்கிறவ நான். கண்ணு தப்பாது,” என்றாள் ஒச்சம்மாள்.

மறுபக்கம் அருணாவின் கையெழுத்து. அவன் போன வாரம் கொடுத்த வீட்டுப்பாடம், அம்மா கேட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஏலக்காயின் அளவைக் கொடுத்தால் எந்த ரகம் என்று சொல்ல வேண்டும். அம்மா வரைந்ததைப் பார்த்துப் பார்த்துப் பேனாவாலேயே எழுதியிருந்தாள். மணி, பேட்டரி, அம்பு மூன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

முபின் அதை லேப்டாப்பில் அடித்தான். முதல் தடவையிலேயே ஓடியது.

சிரிப்பு நின்றது. “சார், அந்த நோட்ட ஒரு வாட்டி குடுங்க சார்,” என்றாள் தேவி. முதலில் சிரித்தவளும் அவள்தான்.

முபின் வருகைப் பதிவேட்டை எடுத்தான். அருணா பெயருக்கு நேரே மூன்றாவது கட்டத்தில் ‘அம்மா வந்தார்’ என்று எழுதினான். அறக்கட்டளையில் கேட்டால் நோட்டைக் காட்டிக்கொள்ளலாம்.

“அடுத்த வாரமும் வாங்கக்கா. உங்க வடைய இங்கயே தின்னுங்க. அருணாவுக்குத் தனியாத் தர்றேன்.”

காலையில் கிளம்பும்போது அவன் அம்மா மைதீன் பீவி சொல்லி அனுப்பியிருந்தார்: “அந்தச் சிலமலைப் புள்ள இன்னைக்கும் வராது. வெரசா பேர அடிச்சுட்டு நம்ம ஆஷிகா பேர எழுதிட்டு வா.”

சரிம்மா என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தான். வீட்டில் லேப்டாப் இருக்கிற தங்கச்சியைப் பட்டியலில் முதல் ஆளாக எழுதி வைத்தவனும், அருணா வராத வாரங்களை விரல்விட்டு எண்ணியவனும் அவன்தான்.

பெயரை அடிக்கவில்லை.