பெஞ்சின் மறு ஓரம்

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து அந்தப் பையன் மறுபடியும் பேசினான். கொஞ்சம் கட்டைக் குரல், சளி பிடித்த மாதிரி மூக்கடைப்பு வேறு. வகுப்பில் யாருக்கும் புரியாத பாஷை.

திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் பையன் எவனும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண் மட்டும் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள், மறு ஓரம் காலியாக இருந்தது. ஒன்றாம் வகுப்பு மொத்தமும் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

குரல் அவள் வாயிலிருந்துதான் வருகிறது என்பது டீச்சருக்குத் தெரியும். யாருடைய குரல் என்பதுதான் தெரியவில்லை.

"யாரும்மா அது?"

"தம்பி" என்றாள் தன் சொந்தக் குரலில். அதற்கு மேல் கேட்டபோது நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க டீச்சர், இது காத்து கருப்பு சமாச்சாரம்" என்று காதைக் கடித்தார் வகுப்பைக் கூட்டிப் பெருக்கும் ஆயா.

"சும்மா இருங்க ஆயா. பிள்ளைங்க காதுல விழப்போகுது."

அந்த வகுப்பில் வீட்டுக்கு ஒரு பாஷை. கண்ணை மூடிக் கும்பிட்டால்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற பிள்ளை, செருப்பைக் கழற்றினால்தான் பெஞ்சில் ஏறுகிற பிள்ளை என்று ஆளுக்கொரு பழக்கம். டீச்சர் எதற்கும் குறுக்கே நின்றதில்லை. யார் வழக்கத்தையும் கேலி செய்யக்கூடாது என்று பயிற்சியில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்ட நல்ல மனசு அவருக்கு. தம்பி இறந்திருக்க வேண்டும், செத்துப்போனவருக்குப் பக்கத்தில் இடம் விடுவதும் அந்தப் பெண்ணின் ஆட்களுடைய வழக்கமாக இருக்கும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

ஹெச்.எம். அதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை.

"பெத்தவங்க வந்து கத்திட்டுப் போறாங்க. பிள்ளைங்க ராத்திரியில அலறுதாம். நாளைக்கும் அந்தக் குரல் கேட்டுச்சுன்னா அவளை ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாத்திடுவேன்."

"மேடம், கெட்டிக்காரப் பொண்ணு. இப்பதான் நம்ம பாஷையில நாலு வார்த்தை பேச ஆரம்பிச்சிருக்கா. அங்க போனா மறுபடியும் ஊமையாயிடுவா."

"அப்ப குரலை நிறுத்துங்க."

அன்று மதியம் டீச்சரே அதைத் தனியாகக் கேட்டார். காலையில் அவர் சொல்லிக்கொடுத்த எண் பாட்டை, வராந்தா தூணுக்குப் பின்னால் நின்று அந்தக் கட்டைக் குரல் பாடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு இடத்தில் தப்பு வந்தது. நிறுத்தியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.

"பார்த்தீங்களா, பேய் பாடம் படிக்குது" என்றார் ஆயா. இந்த முறை டீச்சர் அவரை அதட்டாமல் தூணையே பார்த்தார்.

சாயங்காலம் மற்ற பிள்ளைகள் எல்லாம் போன பிறகு அந்தப் பெண்ணின் அப்பாக்காரர் வந்தார். மீன் பதப்படுத்தும் ஐஸ் கிடங்கில் வேலை. வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல், வாசற்படிக்கு வெளியிலேயே தயங்கி நின்றார்.

"உள்ள வாங்க. உங்க பையனைப் பத்திக் கேக்கணும்."

அவர் முகம் செத்துவிட்டது. தெரிந்த வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார். "ஊர்லருந்து இங்க வர்ற வழியில ஒரு ஆறு, டீச்சர். தண்ணி ஜாஸ்தி. இவ கையைப் பிடிச்சிட்டேன். அவன் கை... வழுக்கிடுச்சு."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பெண் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அதனாலதான் பக்கத்துல இடம் விடுறாளா? அவன் குரல்ல பேசுறாளே, இறந்தவங்களுக்காக அப்படிப் பேசுறது உங்க வழக்கம்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஹெச்.எம்.கிட்ட நான் சண்டை போட்டுக்கிறேன்."

"எங்ககிட்ட அப்படி ஒரு வழக்கம் இல்லீங்களே."

டீச்சருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் வழக்கம், வழக்கம் என்று அவர்தான் கற்பனையில் கோட்டை கட்டியிருக்கிறார். அப்படியென்றால் அந்தக் குரல்? அவருக்கு முதல்முறையாக நிஜமாகவே பயம் வந்தது.

"அப்ப தள்ளிப்போடாம இவளை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. இவங்க அம்மா எங்க?"

"ஊர்லயே இருக்கா. படுத்த படுக்கை. எந்திரிச்சு நடந்தாத்தான் கூட்டிட்டு வர முடியும்." அவர், "அவகிட்ட இன்னும் நாங்க..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது.

அவர் திரையைப் பார்த்தார். எடுத்துப் பேசாமல் போனைப் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் தன் குரலில் கலகலவென்று ஏதோ பேசினாள். பிறகு பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, மூக்கை விரலால் லேசாக அழுத்திக்கொண்டாள்.

கட்டைக் குரல் வந்தது. எண் பாட்டைத் தப்பில்லாமல் கடைசிவரை பாடியது. போனுக்குள் யாரோ கைதட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பாக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள்கள் குலுங்கின.

பெண் எழுந்து டீச்சரிடம் வந்தாள். போனை உள்ளங்கையால் இறுக்கப் பொத்திக்கொண்டு, தன் சொந்தக் குரலில், ரகசியமாகக் கேட்டாள்:

"டீச்சர், தம்பி நல்லாப் படிக்கிறானான்னு அம்மா கேக்குறாங்க... என்ன சொல்லட்டும்?"