மயக்கம் வேணாம்

“இப்பல்லாம் எவனுக்கும் வாய மூடிகினு இருக்கத் தெரியல,” என்றார் தனகோடி, பக்கத்துக் கட்டிலைப் பார்த்து.

பக்கத்துக் கட்டில் கண்ணாயிரம் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு, தன் மூல ஆபரேஷனைப் பற்றி மைத்துனியிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று இதையே சம்பந்தியிடம் சொன்னார். வார்டு மொத்தமும் கேட்டது.

தனகோடிக்கு இடது காறை எலும்பு முறிந்திருந்தது. மொபெட்டிலிருந்து விழுந்தவர். செங்கல்பட்டு உரக்கடை வாசலில் விழுந்ததாகத்தான் மகன் சரவணகுமாரிடம் சொன்னார். அவன் மொபெட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

“உரக்கடைல எப்ப நைனா கடல் மணல் விக்க ஆரம்பிச்சான்?” என்று மட்டும் கேட்டான். அதோடு விட்டுவிட்டான். விட்டதுதான் தனகோடிக்குப் பயமாக இருந்தது.

மகள் காயத்ரி, ஜான்சனைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. ஜான்சனின் தாத்தா இவர்கள் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அவள் போன நாளிலிருந்து சரவணகுமார் வண்டி சீட்டுக்கு அடியில் கத்தியை வைத்துக்கொண்டு தங்கச்சியைத் தேடுகிறான். இருவரும் முட்டுக்காட்டில், படகுத் துறைக்குப் பின்னால் குடியிருப்பது தனகோடிக்கு மட்டும் தெரியும். அந்தக் கல்யாணம் அவருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் அவ்வப்போது போய், வாசலிலேயே நின்று மகளைத் திட்டிவிட்டு வருவார். அப்படித் திட்டிவிட்டுத் திரும்பும்போதுதான் விழுந்தார்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்து விளக்கினார். முன்போலத் தோளை நீளமாகக் கிழிக்க வேண்டியதில்லை. நெஞ்சுக்குப் பக்கத்தில், அந்த எலும்பு தொடங்குகிற இடத்தில் சின்னதாக ஒரு துளை. அது வழியாக, வளைந்துகொடுக்கிற மெல்லிய கம்பியை எலும்புக்குள்ளேயே செலுத்தி, எக்ஸ்ரேயில் பார்த்தபடி முறிவைக் கோத்துவிடுவார்களாம். நாளைக்கே வீட்டுக்குப் போகலாமாம்.

“இம்மாத்தூண்டு ஓட்டைல இன்னாத்தப்பா கோப்ப நீ?” என்றார் தனகோடி. “சரி, இன்னாவோ செய்யி. மயக்கம் மட்டும் வேணாம். முழிச்சிகினு கீறப்பவே செய்யி.”

கழுத்துக்கு இவ்வளவு பக்கத்தில் கம்பி போகும்போது அசைந்தால் ஆபத்து, முழு மயக்கம்தான் என்றார் டாக்டர். அப்படியானால் ஆபரேஷனே வேண்டாம், மாவுக்கட்டு போடு என்றார் தனகோடி. முறிந்த முனை தோலை உள்ளிருந்து குத்திக்கொண்டிருக்கிறது, விட்டால் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்றார் டாக்டர்.

தனகோடி டாக்டரைக் கிட்டே கூப்பிட்டார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“மயக்கத்துல மனுசன் உளறுவானா?”

டாக்டர் சிரித்தார். “தெளியுறப்ப சில பேரு பேசுவாங்க. மனசுல எது ஓடிட்டிருக்கோ, அது வரும். இதுக்கா பயப்படுறீங்க?”

கால்மாட்டில் நின்ற சரவணகுமார் நிமிர்ந்தான். தெளியும்போது பக்கத்தில் இருக்கலாமா என்று கேட்டான். தாராளமாக என்றார் டாக்டர்.

“நான் பக்கத்துலயே கீறேன் நைனா,” என்று அப்பாவின் காலை மெதுவாகத் தடவினான். “நீ இன்னா பேசுனாலும் கேக்க ஒரு ஆளு வேணும்ல?”

அதற்குப் பிறகு தனகோடி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. கண்ணாயிரம் போனில், “பக்கத்துக் கட்டில் அண்ணாத்த பயத்துல சாமி பேர சொல்லிகினே கீறாரு” என்று யாருக்கோ சொன்னார். ஊசி போட வந்த நர்ஸ் பிரிசில்லாவும் குனிந்து பார்த்தாள்.

“எந்த சாமி தாத்தா? சொன்னா நானும் வேண்டிக்குவேன்.”

“உன் வேலையப் பாரு.”

தள்ளுவண்டியில் போகும்போதும் உதடு நிற்கவில்லை. மூக்கில் மூடியை வைத்தபோதும் நிற்கவில்லை.

நன்றாகத் தெளிந்து கண் விழித்தபோது சாயங்காலம். பக்கத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது.

“எம் புள்ள எங்க?”

“அவரு அப்பவே கெளம்பிட்டாரு தாத்தா,” என்றாள் பிரிசில்லா. “நீங்க தெளியுறப்ப பேசிகினே இருந்தீங்க. அவரு உங்க வாயாண்ட காத வெச்சி, காயத்ரி எங்க கீறா நைனான்னு கேட்டாரு. நீங்க சொன்னீங்க. ரெண்டு பேருக்குப் போன் போட்டுட்டு வண்டிய எடுத்துகினு போனாரு. தங்கச்சியாமே? கூட்டிகினு வரப் போறாராம்.”

தனகோடி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நான்... எந்த ஊர சொன்னேன்?”

“காலைலேர்ந்து முணுமுணுத்துகினு இருந்தீங்களே, அதேதான். நான் கூட சாமி பேருன்னுல நெனச்சேன்? பொத்தேரி, பொத்தேரின்னு. அந்த காலேஜ் ஊர்ல அத்தினி ஹாஸ்டல் கீது, பாவம் எங்க போயி தேடுவாரோ.”

வேறு எந்த ஊரும் சொல்லவில்லை என்று பிரிசில்லா சத்தியம் செய்தும் தனகோடி நம்பவில்லை. கண்ணாயிரத்தின் போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி, இன்றைக்கே வீட்டை மாற்று என்று மகளிடம் சொல்ல வராந்தாவுக்கு நடந்தார்.