உபயக் கல்

உபயம் எழுதிய எழுத்து டியூப் லைட் வெளிச்சத்தையே மறைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

ஆற்றங்கரையில் ஆமையார் அறக்கட்டளை என்று ஒன்று. புதுக் கண்டுபிடிப்புக்கும் படிப்புக்கும் தாத்தா காலத்திலிருந்தே உதவி வந்தது.

"பாம்பு நுழைய முடியாத கூடு ஒன்று யோசித்திருக்கிறேன் ஐயா, நார் தருவீங்களா?" என்று தூக்கணாங்குருவி கேட்டாள். ஆமையார் சந்தோஷமாக ஒரு பிடி கொடுத்தார்.

கூடு கட்டி அவள் முட்டையிட்ட அன்றே, "உபயம்: ஆமையார் அறக்கட்டளை" என்று செதுக்கிய கல்லை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இதைக் கூட்டு வாசலில் தொங்கவிடும்மா."

குருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொங்கவிட்டால் கூடும் முட்டையும் தரையில்தான். மாட்டேன் என்றால் பெரியவர் முகம் வாடிவிடும். மரத்தடியில் பாம்புப் பொந்து கண்ணில் பட்டது.

"அவ்வளவு உயரத்தில் யார் படிப்பாங்க ஐயா? அதோ, அந்தப் பொந்து வாசலில் அழுத்தி வைத்துவிடுங்களேன்!"