ரொம்ப நாள் இழுக்கிற வழி

"இதுல எது மேடம் ரொம்ப நாள் இழுக்கும்?"

வக்கீலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருகிறவர்கள் எல்லோரும் 'சீக்கிரம் முடியுமா, சீக்கிரம் முடியுமா' என்று அவர் உயிரை வாங்குவார்கள். இழுக்கிற வழி எது என்று கேட்டு வந்தது இந்தத் தையல் கடைக்காரம்மாதான்.

அப்பா விட்டுப்போன ஒரே வீடு. அண்ணனுக்குப் பாதி, தங்கையான இந்த அம்மாவுக்குப் பாதி. அண்ணன் குடும்பம் அதில் குடியிருக்கிறது. விற்றே தீருவேன் என்கிறார் அண்ணன். கூடவே கூடாது என்கிறார் தங்கை.

"இன்னொரு தடவை சொல்றேன், பொறுமையாக் கேளுங்க," என்றார் வக்கீலம்மா. "ஒத்துப்போனீங்கன்னா பேசிப் பிரிச்சுப் பத்திரம் போட்டுக்கலாம். இல்ல, ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் வாங்கிக்கலாம். மொத்தமா வித்துப் பிரிச்சுக்கலாம். எதுவும் சரிப்பட்டு வரலைன்னா கோர்ட்ல பாகப்பிரிவினை வழக்கு. அது முடியறதுக்குள்ள உங்களுக்கும் எனக்கும் தலை நரைச்சிடும்."

"அதையே போட்டுடுங்க."

"உங்களுக்குக் குடியிருக்க அந்த வீடு வேணுமா?"

"வேண்டாம். எங்களுக்குச் சொந்த வீடு இருக்கு."

"அப்புறம் எதுக்குங்க?"

தையல் கடைக்காரம்மா பேச்சை மாற்றினார். "அவர் பங்கை மட்டும் வெளியாளுக்கு விக்கப்போறாராம். நான் கையெழுத்துப் போடாம விக்க முடியுமா மேடம்?"

"தாராளமா விக்கலாம். அவர் பங்கு, அவர் இஷ்டம். வழக்குப் போட்டுத் தடை வாங்கினாத்தான் முடியாது."

தையல் கடைக்காரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தத் தடையையும் சேர்த்து வாங்கிடுங்க."

இப்படியும் ஒரு பிறவியா என்று வக்கீலம்மா மனசுக்குள் திட்டிக்கொண்டார். தனக்கும் வேண்டாம், கூடப் பிறந்தவனுக்கும் கிடைக்கக் கூடாது. என்றாலும் தொழில் என்று வந்துவிட்டால் அவர் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

விசாரணையன்று வெளுத்து வாங்கிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் வாயைத் திறக்கும் முன்பே பாதி வாதம் முடிந்துவிட்டது. வழக்கு முடிகிறவரை யாரும் வீட்டை விற்கக் கூடாது, அடகு வைக்கவும் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் யாரிடம் என்றில்லாமல் புலம்பினார். "பங்கை வித்து நல்ல தொழிலா ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். பார்ட்னர்கூட ரெடி. குறுக்க விழுந்து கெடுத்துட்டா."

அவர் மனைவி அதோடு விடவில்லை. நடைபாதையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி நாத்தனாரைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லா இருப்பியாடி? கூடப் பிறந்தவரைக் கோர்ட்டுப் படி ஏத்திட்டியே. எம்பிள்ளைங்க வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே. இனிமே என் வீட்டு வாசலை மிதிச்சுப் பாரு, நடக்கிறதே வேற."

கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். தையல் கடைக்காரம்மா கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். கடைசியில் அண்ணனுக்கே பொறுக்கவில்லை. "விடு, அவளோட என்ன பேச்சு?" என்று மனைவியை இழுத்துக்கொண்டு போனார்.

ஜெயித்ததற்காக வக்கீலம்மா வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். காரில் ஏறியதும் கேட்டேவிட்டார்.

"நினைச்சதைச் சாதிச்சுட்டீங்க. சந்தோஷந்தானே? உங்க அண்ணி உங்களுக்கு என்ன பாவம் பண்ணாங்க? வயிறெரிஞ்சு போறாங்களே."

தையல் கடைக்காரம்மா கைக்குட்டையை எடுத்தார். கண்ணில் தண்ணீர்தான், ஆனால் அழுகை இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"எங்கண்ணன் கைவைக்காத தொழில் கிடையாது மேடம். ஒண்ணும் உருப்படல. அண்ணியோட நகை மொத்தமும் அதுல கரைஞ்சு போச்சு. வீடும் போச்சுன்னா அண்ணி பிள்ளைங்களோட தெருவுலதான் நிக்கணும். ஆனா அவங்க பேர்ல பங்கு இல்ல, அதனால அவங்க வழக்குப் போட முடியாது. எனக்குப் பங்கு இருக்கே."

"அப்போ உங்க அண்ணி..."

"வழக்குப் போடச் சொன்னதே அவங்கதான். அண்ணனுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு திட்டுறதைக்கூட நேத்து எங்கடையில உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். வாயில மண்ணை அள்ளிப் போட்டேன்னு சொன்னாங்க பாருங்க, அது மட்டும் அவங்களாச் சேர்த்துக்கிட்டது. நல்லா இருந்துச்சுல்ல?"