பதினோரு ஓட்டு

"வெர்னாவைக் கட்சியை விட்டுத் தூக்கணும். இன்னைக்கே, இந்தக் கூட்டத்துலேயே!"

லோர்ன் மேஜையைத் தட்டிய தட்டில் பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டுகள் குலுங்கின. ஆறு வாரம் தேர்தல் வேலையை முன்னின்று நடத்தியவர் அவர். இப்போது தோல்விக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கர்லிங் விளையாட்டு அரங்கத்தின் மாடியில் மொத்தம் பதினாறு பேர். திங்கட்கிழமை தேர்தல், இன்று புதன் மதியம். வெறும் பதினோரு ஓட்டில் தொகுதி கைநழுவிப் போயிருந்தது. மூலையில் இரண்டு பேர் மட்டும் திங்கட்கிழமை ஹாக்கி மேட்சின் கடைசி கோலைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். லோர்ன் முறைத்ததும் அடங்கினார்கள்.

வேட்பாளர் ஐரிஸுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. தோற்றதுகூடப் பெரிதில்லை. வரியைக் குறைக்கிறோம், சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளை மூடுகிறோம் என்று சொல்லியே ஜெயித்திருந்தது எதிர்க்கட்சி. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள் ஐரிஸ்.

"வெர்னா அப்படி என்னதான் செஞ்சா?" என்று கேட்டாள்.

"என்ன செஞ்சாளா? சாயங்காலம் பனி கொட்டுது. ஹைவேல எதிர்க்கட்சி வேன் சறுக்கிப் பள்ளத்துல கிடக்குது. உள்ள பன்னண்டு பேர். அத்தனையும் அவங்க ஓட்டு. இந்தப் புண்ணியவதி நம்ம வேனை நிறுத்தி, எல்லாரையும் ஏத்தி, நேரா ஸ்கூல் பூத்துல கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கா!"

எல்லாரும் திரும்பினார்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றிருந்தாள் வெர்னா.

"நிஜமா வெர்னா?" என்றாள் ஐரிஸ்.

"நிஜம்தான்."

"பள்ளத்துல கிடந்தவங்களைக் காப்பாத்து, வேணாங்கல," என்றார் லோர்ன். "வீட்டுல கொண்டுபோய் விட வேண்டியதுதானே? பூத்துக்கு ஏன் கூட்டிட்டுப் போன?"

"எங்க போகணும்னு கேட்டேன். ஓட்டுப் போடணும்னாங்க. மணி ஏழு இருபது. எட்டு மணிக்குக் கதவைச் சாத்திருவாங்க."

"அடேயப்பா, என்ன தாராளம்! நாளைக்கு ஆஸ்பத்திரிய மூடட்டும், அப்பத் தெரியும். உன் புருஷன் எமிலுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ். ரெஜினா டவுனுக்கு ரெண்டரை மணி நேரம் யாரு தாயே கூட்டிட்டுப் போவா? அந்தப் பன்னண்டு பேரா?"

வெர்னா லோர்னை நேராகப் பார்த்தாள்.

"நான் கூட்டிட்டுப் போவேன். வண்டி ஓட்டத் தெரியும் எனக்கு. பனியில கிடக்கிறவங்களைப் பார்த்தும் பார்க்காம போகத்தான் தெரியாது."

ஐரிஸுக்குச் சுரீரென்றது. சற்று முன் லோர்ன் சொன்னதைக் கேட்டபோது அவளுக்கும்தான் கோபம் வந்தது. இந்த அறையிலேயே இந்தத் தோல்வியால் அதிகம் இழக்கப்போகிறவள் வெர்னா. அது தெரிந்தேதான் வேனை நிறுத்தியிருக்கிறாள்.

"சரி, முதல்ல ஏன் தோத்தோம்னு பார்ப்போம்," என்றாள் ஐரிஸ். "நம்ம ஆளுங்கள்ல எத்தனை பேர் ஓட்டே போடல? பிங்கோ தாள் எங்க?"

ஓட்டுப் போட்டவர்களின் பெயரைப் பூத் ஏஜென்ட் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரும் பட்டியலுக்கு அங்கே பிங்கோ தாள் என்று பெயர்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" லோர்ன் அவசரமாகக் குறுக்கிட்டார். "துரோகம் கண்ணு முன்னாடி நிக்குது!"

"கடைசித் தாளை வாங்கிட்டு வந்தது நீதானே வெர்னா?"

வெர்னா கோட்டுப் பையைப் பொத்திக்கொண்டாள். "வேணாம் ஐரிஸ். நடந்தது நடந்துபோச்சு, விட்டுருங்க."

"பாத்தீங்களா, எதையோ மறைக்கிறா!" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

ஐரிஸ் கையை நீட்டியபடியே இருந்தாள். வேறு வழியில்லாமல் வெர்னா கொடுத்தாள்.

'நிச்சயம் நம் ஓட்டு' என்று முன்பே குறித்து வைத்த பெயர்களில் அடிக்கப்படாமல் இருந்தவை பதினான்கு. முதல் பெயர் லோர்ன்.

ஐரிஸ் தலையை நிமிர்த்தி அறையைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். அவளும் வெர்னாவும் தவிர, அங்கே உட்கார்ந்து பெரோகி தின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். காலையிலிருந்து ஊருக்கெல்லாம் போன் போட்டு "ஓட்டுப் போட்டாச்சா?" என்று விரட்டியவர்கள். தங்கள் ஓட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஸ்கூல் என்ன தூரமா, கட்சி ஆபீஸுக்கு எதிர்த்தாற்போல்தான்.

இரண்டு நாளாக இதைப் பையில் வைத்துக்கொண்டுதான் வெர்னா அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஐரிஸ் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"வெர்னா கட்சியிலதான் இருப்பா. அடுத்த தேர்தல்லயும் நம்ம வேனை அவதான் ஓட்டுவா. பள்ளத்துல கிடக்கிறவங்களைப் பார்த்து, நீ எந்தக் கட்சின்னு கேக்காத ஒரு ஆள் நம்மகிட்ட இருக்கா. தோத்தாலும் எனக்கு அது பெருமைதான். ஆஸ்பத்திரிய மூட வரட்டும், வாசல்ல நானும் அவளும் முதல்ல நிப்போம்."

லோர்ன் தன் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அப்போ... ஏன் தோத்தோம்னு தலைமைக்கு ரிப்போர்ட் அனுப்பணுமே. என்னன்னு எழுதுறது?"

ஐரிஸ் ஒரு தட்டில் பெரோகி வைத்து வெர்னாவிடம் நீட்டினாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்:

"அது கிடக்கட்டும் லோர்ன். திங்கக்கிழமை சாயங்காலம் நம்ம ஆபீஸ் டிவியில ஓடுன ஹாக்கி மேட்ச்ல, கடைசியில யாரு ஜெயிச்சா?"