அசல் அத்தை பன்

"பிள்ளைங்க பசியோட வந்து 'அத்தை, அத்தை'ன்னு நிப்பாங்க. அன்பா கூப்பிட்டுக் கூப்பிட்டே பன்னுக்கும் அந்தப் பேர் வந்துடுச்சு சார்." சொல்லும்போதே பேக்கரிக்கார அத்தைக்குக் கண் கலங்கியது. கைக்குட்டையைக் கையிலேயே தயாராக வைத்திருந்தாள்.

பெயர்ப் பதிவு அலுவலக அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சற்றுமுன்தான் எதிர்க்கடைக்காரர் இதே கதையைச் சொல்லி முடித்திருந்தார். அதிலும் பிள்ளைகள் வந்தார்கள், பசித்தது. அத்தை மட்டும் வேறு.

ஊரே வரிசையில் நின்று வாங்கும் பன் அது. எதிர்க்கடையில் 'அசல் அத்தை பன்' என்று பலகை ஏறிய நாளிலிருந்து அத்தையின் கடையில் கூட்டம் பாதியாகிவிட்டது. பெயர் யாருக்கு என்று இன்று முடிவாகிவிடும். எதிர்க்கடைக்காரர் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பெயரை முதன்முதலில் சொன்னது யார், காதால் கேட்டவர் யாராவது உண்டா என்று அதிகாரி கேட்டார். அத்தை பின்னால் கைகாட்டினாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் கடையில் பன் போடும் மாஸ்டர், கதை ஆரம்பித்ததிலிருந்தே குனிந்து தன் செருப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

அவருக்கு வாயைத் திறக்க மனமில்லை. வேலை போய்விடும் என்று முணுமுணுத்தார். இத்தனை வருஷம் என் உப்பைத் தின்றவனுக்கு ஒரு வார்த்தை சாட்சி சொல்ல இவ்வளவு பிகுவா என்று அத்தை உதட்டைச் சுழித்தாள்.

"உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலை."

மாஸ்டர் சொன்னார்.

"அடுப்படியில நாங்க கேலிக்கு வெச்ச பேருங்க. மேல உப்பிக்கிட்டு நிக்கும், பிச்சுப் பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காது. நம்ம அத்தை மாதிரியே இருக்குன்னு நான்தான் முதல்ல சொன்னேன். பன் வாங்க வந்தவங்க காதுல விழுந்து, அவங்களும் அப்படியே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க."

எதிர்க்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி அப்போதுதான் பேனாவை எடுத்தார். இப்படி ஒன்றை யாரும் ஜோடித்துச் சொல்ல மாட்டார்கள், இதை நம்பலாம் என்றார். இதையே எழுதி அத்தை கையெழுத்துப் போட்டால் பெயர் அவளுக்கு. ஆனால் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். அவள் மரியாதையைக் காப்பாற்ற, மேலே உப்பியிருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

எதிர்க்கடைக்காரரின் சிரிப்பு சட்டென்று நின்றது. உப்பின முகம் தன் அத்தைக்கும் உண்டு என்றார் அவசரமாக.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உள்ள ஒண்ணுமில்லைங்கறதையும் சேத்து எழுதுங்க சார்."