நாக்குக்கடியில் ஒரு மாத்திரை

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்த பெயின்டர் அருளப்பன், கையில் சீழ்க்கட்டியோடு பொது வார்டில் சேர்ந்தார். அந்த ஊசி கிடைக்காமல் இரண்டாம் நாளே வியர்த்து, வாந்தியெடுத்து, நடுங்கத் தொடங்கினார்.

"சிஸ்டர், கை வலியத் தாங்கிருவேன். இதத் தாங்க முடியல. ஏதாவது குடுங்க" என்று கும்பிட்டார்.

நர்ஸ் பொற்கலைக்கு அது நடிப்பாகத்தான் பட்டது. "அதுக்கெல்லாம் இங்க மருந்து கிடையாது. மொதல்ல கை ஆறட்டும்" என்றாள்.

அன்று மதியமே, சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்திட்டுவிட்டு அருளப்பன் கிளம்பிவிட்டார். ஒன்பதாம் நாள், ரத்தத்தில் சீழ் கலந்து நினைவில்லாமல் திரும்பி வந்தவர் பிழைக்கவில்லை.

அடுத்த வருடம் வந்த புது டாக்டர், போதைப் பழக்கத்துக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையை அந்த வார்டிலேயே கொடுக்க ஏற்பாடு செய்தார். முதலில் அதைப் பெற்றவர், அதே பழக்கத்தோடும் நடுக்கத்தோடும் வந்து சேர்ந்த லோகிதாசன் என்ற லாரி டிரைவர். ஒரு மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. இரண்டு இட்லி சாப்பிட்டவர், "இது புது மருந்தா சிஸ்டர்?" என்று கேட்டார்.

பொற்கலை தட்டை வாங்கிக்கொண்டாள்.

"இல்லீங்க. மனநலப் பிரிவுல, இந்தா பக்கத்துக் கட்டடத்துல, எப்பவும் இருந்துச்சு. நாந்தான் போய்க் கேக்கல."